இரண்டு பன்னிரண்டுக்கு நடுவில்

நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். என் காதால் கேட்டேன், என் கண்ணால் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் உங்கள் காதில் பூச்சுற்றி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்னொன்று. பேய் என்றதும் நள்ளிரவு, ஆந்தை, அணைந்த விளக்கு என்று தயாராக உட்காராதீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். நல்ல உச்சி வேளை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, மேசையில் தட்டு வைத்த பிறகு.

1883ஆம் வருஷம், நவம்பர் 18. ஒஹாயோவில் கார்ட்வெல் என்ற எங்கள் ஊர்.

என் பெயர் ஹெட்டி. அந்த வீட்டு மருமகள். என் மாமனார் ஓபெட் ஹால்ஸ்டன் பெயரைச் சொன்னால் அந்தப் பக்கத்தில் அன்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். கார்ட்வெல்லிலிருந்து வடக்கே ஏரிவரை போகும் ரயில் பாதையைப் போட்டவர் அவர்தான். காட்டை அளக்க வந்தவர்களுக்குச் சங்கிலி தூக்கும் கூலியாளாக ஆரம்பித்தவர். பிறகு வீடு வீடாகப் போய், சோளக் கொல்லைக்காரர்களைப் பேசியே மடக்கி, அவர்கள் நிலத்திலேயே தண்டவாளம் போட்டார். பேசத் தெரிந்தவரை ஊர் சும்மா விடுமா? மாநில செனட்டுக்கு அனுப்பிவிட்டது. இரண்டு முறை.

பாதை போட்ட முதல் வருஷம் நாற்பது கூலியாட்களுக்குக் கூடாரத்தில் சமைத்துப் போட்டது என் மாமியார் லவினியா. பிறந்த இரண்டு குழந்தைகளைத் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்து, பாதை ஓரத்திலேயே புதைத்துவிட்டு, மறுநாள் மறுபடியும் அடுப்பு மூட்டியவர். மூன்றாவது பிள்ளைதான் தங்கியது. ஜேரட். என் கணவர்.

மாமனாருக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடை ஏறினாலும் சரி, மண்வெட்டியைத் தொட்டாலும் சரி, முதலில் மேல்கோட்டைக் கழற்றித் திரும்பிப் பார்க்காமல் பின்னால் வீசுவார். ஆறு வயதிலிருந்து ஜேரட் பின்னால் நின்று அதைப் பிடிப்பார். ஒரு தடவைகூடக் கீழே விட்டதில்லை. காரியம் முடிந்ததும் மாமனார் கைகளைப் பின்னால் நீட்டுவார். ஜேரட் மாட்டிவிடுவார். அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். செனட்டர் கோட்டைக் கழற்றினால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து இறங்கமாட்டார் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

ஜேரட்டுக்கும் ஒரு பழக்கம். பாதையின் மேற்பார்வை அவருடையது. சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்போது, ஊர் எல்லையில் எஞ்சின் ஊதலின் கயிற்றைத் தானே பிடித்து இழுப்பார். நீளமாக இரண்டு. குட்டையாக ஒன்று. கடைசியில் ஒன்றை இழு இழு என்று இழுத்து முடிப்பார். அதைக் கேட்ட பிறகுதான் மாமியார் ரொட்டி மாவை அடுப்புக்குள் வைப்பார். ஜேரட் பின்வாசலில் பூட்ஸைத் துடைத்து, கைகழுவி உட்காரும்போது ரொட்டி வெந்திருக்கும்.

இப்போது அந்த மணி விவகாரத்தைச் சொல்லவேண்டும். இது புரியாவிட்டால் மற்றது புரியாது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மணி. சூரியன் உங்கள் ஊர் உச்சிக்கு வந்தால் உங்களுக்குப் பன்னிரண்டு. மேற்கே இருக்கிற ஊருக்கு அது கொஞ்ச நேரம் கழித்து வரும். எங்கள் பாதை கார்ட்வெல் மணிக்கு ஓடியது. கடைசிப் பத்து மைல் தண்டவாளத்தை எங்களோடு பங்கு போட்டுக்கொண்ட இன்னொரு கம்பெனியின் வண்டிகள் தூர மேற்கே இருக்கும் செயின்ட் லூயிஸ் ஊர் மணிக்கு ஓடின. எங்களுக்குப் பன்னிரண்டு அடித்து இருபத்தெட்டு நிமிஷம் கழித்துத்தான் அவர்களுக்குப் பன்னிரண்டு. எங்கள் ஊரில் யாரிடமாவது நேரம் கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "எந்த மணி?"

ஒரே மணிக்கு மாறிவிடுவோம் என்று அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். மாமனார் பிடிகொடுக்கவில்லை. "என் வண்டி என் ஊர் சூரியனுக்குத்தான் ஓடும். செயின்ட் லூயிஸ்காரன் சூரியனை நான் எதுக்கு இரவல் வாங்கணும்?" என்றார். அந்தப் பேச்சு கூட்டத்தில் கைதட்டலை அள்ளியது.

1881 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ஜேரட் எஞ்சினில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மில் க்ரீக் என்ற இடத்தில் தந்தியில் கட்டளை வந்தது. எதிர்வண்டிக்காகப் பக்கத் தடத்தில் பன்னிரண்டு மணிவரை நில், அதற்குள் வராவிட்டால் கிளம்பு.

எந்தப் பன்னிரண்டு என்று அதில் இல்லை.

ஜேரட் எங்கள் பன்னிரண்டு வரை நின்றார். கிளம்பினார். எதிர்வண்டி அவர்கள் பன்னிரண்டுக்கு வந்து சேர வேண்டியது. நேரத்துக்குச் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

அன்று மாமியார் ஊதல் கேட்கும் முன்பே மாவை அடுப்பில் வைத்துவிட்டார், இப்போது வந்துவிடுவான் என்று. அது கருகிப் புகை வரும்போதுதான் வாசலில் ஆள் வந்து நின்றான். எனக்கு அப்போது கல்யாணமாகி ஐந்து மாதம்.

அதன்பிறகு மாமியார் மாமனாரோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே மேசை. பேச்சு மட்டும் என் வழியாகப் போகும். "ஹெட்டி, உன் மாமனார்கிட்ட சொல்லு, காபி ஆறுது." மாமனார் எதிரேதான் உட்கார்ந்திருப்பார். காபியை எடுத்துக் குடிப்பார். "ஹெட்டி, உங்க அத்தைகிட்ட சொல்லும்மா, நல்லா இருக்கு." எனக்கு அழுகை வரும். சிரிப்பும் வரும்.

தினமும் ஒரு சின்னத் தட்டில் ஆறு ரொட்டிக்கு மாவு உருட்டி, துணி போட்டு மூடி அடுப்புப் பக்கத்தில் வைப்பார் மாமியார். ஜேரட்டின் இடத்தில் தட்டும் துணியும் வைப்பார். ஊதல் கேட்காது. மாவு பொங்கி, அமுங்கி, சாயங்காலம் கோழிக்குப் போகும். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டுக் கோழிகள்தான் கொழுத்தன. தடுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மாமனார் வேறு ஆளாகிவிட்டார். ஒரே மணி வேண்டும், நாடு முழுக்க வேண்டும் என்று செனட்டில் ஒற்றைக்காலில் நின்றார். ஜேரட் போன பிறகு பேசிய முதல் கூட்டத்தில் பழக்கதோஷத்தில் கோட்டைக் கழற்றிப் பின்னால் வீசினார். அது சேற்றில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசாமல் இறங்கிவிட்டார். அந்த இரண்டு வருஷமும் அவர் எந்த மேடையிலும் கோட்டைக் கழற்றவில்லை.

கடைசியில் ரயில்காரர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். நவம்பர் 18, நண்பகல். பழைய மணிகள் ஒழிந்தன, புது மணி. எங்கள் ஊர்க் கோர்ட்டு மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்ததும் ஊசலைப் பிடித்து நிறுத்துவது. இருபத்தெட்டு நிமிஷம் அப்படியே நிறுத்தி வைப்பது. அப்புறம் இரண்டாவது பன்னிரண்டைக் கயிற்றை இழுத்துக் கையால் அடித்து, ஊசலை ஓடவிடுவது. மாமனாரே செய்வதாக ஏற்பாடு.

"வீட்டுக் கடிகாரத்தையும் மாத்தணும்னு சொல்லும்மா," என்றார் மாமனார் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில், என்னைப் பார்த்து.

மாமியார் கரண்டியை வைத்தார்.

"ஹெட்டி, உன் மாமனார்கிட்ட சொல்லு. என் பிள்ளை செத்தது அந்த இருபத்தெட்டு நிமிஷத்துக்குள்ள. அதையும் இல்லாம பண்ணிட்டா அவன் எங்க போவான்? கூடத்துக் கடிகாரத்துல யாராவது கை வச்சா, நாளைக்கு மறுநாள் முதல் வண்டில நான் வெர்மான்ட்டுக்கு, என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அப்புறம் திரும்பி வரமாட்டேன்."

"இன்னொரு பிள்ளை சாகக்கூடாதுன்னுதானே செய்யுறேன்…" என்றார் மாமனார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மாமியார் எழுந்து போய்ப் பெட்டி கட்டினார். அது கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தது.  எனக்கு அப்பா அம்மா இல்லை. ஜேரட் போன பிறகு இந்த இரண்டு பேர்தான். இவர்களும் ஆளுக்கொரு திசையில் போனால் எனக்கு எது வீடு?

ஞாயிறு காலை சர்ச்சிலிருந்து வந்ததும் மாமனார் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கூடத்துக் கடிகாரத்தை நான் தொடமாட்டேன்னு சொல்லிடு." தொப்பியைப் போட்டுக்கொண்டு மணிக்கூண்டுக்குக் கிளம்பினார். அன்று ஊரே அங்கே போய்விட்டது. சமையல்காரி டீலியாவும், "சூரியனை எப்படி நிறுத்துறாங்கன்னு பாத்துட்டு வந்துடறேம்மா," என்று ஓடிவிட்டாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

வீட்டில் நானும் மாமியாரும்தான். அடுப்படியில் கோழி வறுவல் தயாராக இருந்தது. மாமியார் மேசையில் ஐந்து தட்டு வைத்திருந்தார். எங்கள் மூன்று பேருக்கு, விருந்துக்கு வரப்போகும் மேயர் டில்லட்டுக்கு, ஜேரட்டுக்கு. அடுப்புப் பக்கத்தில் துணி போட்ட மாவுத் தட்டு.

கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. அதே நேரத்தில் மணிக்கூண்டும் அடித்தது. எண்ணினேன். பன்னிரண்டு. கடைசி அடி ஊர்மேல் பரவி, மெலிந்து, அடங்கியது.

இனி இருபத்தெட்டு நிமிஷத்துக்கு ஊரில் மணி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். சின்னப்பிள்ளைத்தனமான நினைப்புதான். ஆனால் அப்போதுதான் ஒன்று கவனித்தேன்.

டிக் டிக் சத்தம் இல்லை.

எட்டிப் பார்த்தேன். கூடத்துக் கடிகாரத்தின் ஊசல் நின்றிருந்தது. சும்மா நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, யாரோ கையால் பிடித்திருப்பதுபோல.

யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். நானும் போகவில்லை, மாமியாரும் போகவில்லை.

"அத்தை…" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கும் கேட்டது.

ஊதல்.

வடக்கே, ஊர் எல்லைப் பக்கம். நீளமாக இரண்டு. குட்டையாக ஒன்று. அப்புறம் ஒன்று… இழுத்து… இழுத்து… இழுத்து…

நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். மாமனார் பாதையில் ஞாயிற்றுக்கிழமை சக்கரம் உருளாது. கடவுளுக்குப் பயந்த குடும்பம். வாரத்தில் அந்த ஒருநாள் எஞ்சின்கள் எல்லாம் நெருப்பு அணைத்துக் கொட்டகையில் நிற்கும். அன்றும் நின்றன.

மாமியார் எழுந்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அன்றாட வேலையைச் செய்வதுபோல மாவுத்தட்டின் துணியை எடுத்தார். அடுப்புக் கதவைத் திறந்தார். தட்டை உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"ஊதிட்டானே. காதுல விழல?"

 சமையலறை மூலையில் எங்கள் நாய் ரோவர் படுத்திருந்தது. தபால்காரனிலிருந்து பாதிரியார்வரை யாரையும் குரைக்காமல் விடாத பிராணி. அது எழுந்தது. பின்வாசலைப் பார்த்தது. குரைக்கவில்லை. வாலை மெதுவாக ஆட்டியது. அப்புறம் வயிறு தரையில் உரச, ஊர்ந்து ஊர்ந்து அடுப்புக்கு அடியில் போய்விட்டது.

ரொட்டி வாசனை வர ஆரம்பித்தது. அதோடு இன்னொரு வாசனை. நிலக்கரிப் புகை. ஈர இரும்பு.

பின்கட்டுச் சரளைக்கல்லில் நடை.

சரக்… சரக்… சரக்…

வாசலில் நின்றது. பூட்ஸைத் துடைக்கும் சத்தம். வலது கால். இடது கால். மறுபடியும் வலது கால். ஜேரட் எப்போதும் வலது காலை இரண்டு தடவை துடைப்பார். காரணம் கேட்டால் சிரிப்பார்.

நான் அடுப்பைப் பார்த்து நின்றேன். திரும்பவில்லை. கதவு திறந்தது. குளிர் காற்று என் கழுத்தில் பட்டது.

நடை எனக்குப் பின்னால் போனது.

சாப்பாட்டு அறையில் நாற்காலி இழுபட்டது.

"மணி என்னம்மா?"

அந்தக் குரல்… வேண்டாம். அதைப்பற்றி எழுத என்னால் முடியாது.

"எந்த மணிடா?" என்றார் மாமியார். சாதாரணமாக. தினம் கேட்பதுபோல.

"தெரியலம்மா. பன்னிரண்டு வரைக்கும் நில்லுன்னாங்க. எந்தப் பன்னிரண்டுன்னு சொல்லல."

"இன்னும் அடிக்கல. உக்காரு. ரொட்டி வெந்துட்டு இருக்கு."

நான் திரும்பினேன். கதவு வழியாக மேசை தெரிந்தது. ஜேரட்டின் நாற்காலியில் ஆள். முதுகு மட்டும் தெரிந்தது. நான் பித்தான் தைத்துக் கொடுத்த அதே பழுப்புக் கோட்டு. தலைமுடி ஈரமாக நெற்றிப் பக்கம் சரிந்திருந்தது. வெளியே நல்ல வெயில்.

ஜன்னல் வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. மாமியாரின் நிழல் மேசைவிரிப்பில் இருந்தது. தண்ணீர் ஜாடியின் நிழல் இருந்தது.

இன்னொன்று இல்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். வீட்டில் கடிகாரம் ஓடவில்லை. மாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  ரொட்டி வெந்ததும் அவர் எழுந்து என்னைத் தாண்டி வந்து, அடுப்பைத் திறந்து, தட்டை எடுத்துப் போனார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்ததாகக்கூட ஞாபகம்.

"அப்பா எங்கம்மா?"

மாமியார் என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்துப் பழக்கம். மாமனார் பேச்சென்றால் அது என் வழியாகத்தான் போகும்.

நான்தான் சொன்னேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "மணிக்கூண்டுல."

"அங்க என்ன பண்றாரு?"

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் சொன்னார்.

"கடிகாரத்தைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்காருடா. நீ வந்து சேரணும்னு."

 அதற்குமுன் அப்படி ஒரு நினைப்பு அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை கேட்டதும் வந்துவிட்டது.



"சாப்பிட்டாரா?"

"இல்லடா. காலைலேர்ந்து வெறும் காபி."

கை நீண்டது. ஒரு ரொட்டியை எடுத்தது. தட்டருகே இருந்த துணியில் வைத்து நான்கு மூலையையும் மடித்தது. மூலையில் மாமியார் நீல நூலில் தைத்த 'ஜே' எழுத்து.

"குடுத்துட்டு வரேன்."

நாற்காலி நகர்ந்தது.

நடை என் பக்கம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்று நாற்பது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம்தான். வேறென்ன? என் புருஷன்தானே. ஆனாலும் பயம்.

என் காதுக்குப் பக்கத்தில்.

"ஹெட்டி… பின்கதவைச் சாத்தாத. வந்துடுவேன்."

கதவு.

சரளைக்கல்.

சரக்… சரக்…

ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தபோது மணிக்கூண்டு அடிக்க ஆரம்பித்தது. கையால் இழுத்து அடிக்கும் மணி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி சீராக இல்லை. பன்னிரண்டாவது அடி முடிந்ததும் கூடத்திலிருந்து கேட்டது.

டிக். டிக். டிக்.

கடிகாரம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு காட்டியது. புதுப் பன்னிரண்டு. யாரும் தொடாமல் அது மாறிவிட்டது.

மாமியார் மேசையில் அப்படியே இருந்தார். முன்னால் ரொட்டித் தட்டு. ஆறு வைத்தார். ஐந்து இருந்தது.

மாமனாரும் மேயர் டில்லட்டும் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். டில்லட் கனத்த உடம்பு, முட்டிவலிக்காரர். ஒவ்வொரு படிக்கும் ஒரு "அம்மாடி" போட்டுத்தான் ஏறுவார். மாமனார் முகம் சிவந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"முடிஞ்சதும்மா ஹெட்டி. இனிமே எங்க போனாலும் ஒரே மணிதான்." கூடத்தில் கால் வைத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "யார் மாத்தினது? நான் தொடமாட்டேன்னு சொன்னேனே!"



அவர் மேல்கோட்டைக் கழற்றப் போனார். ஒரு பக்கம் ஏதோ இடித்தது. பைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தார்.

மடித்த துணி. நான்கு மூலை. நீல 'ஜே'.

பிரித்தார். ரொட்டி.

"இது… சூடா இருக்கே," என்றார்.

நான்தான் கேட்டேன். "மாமா… மணிக்கூண்டுல கோட்டைக் கழட்டினீங்களா?"

"ஆமா. மணிக் கயிறு கனம். கோட்டோட இழுக்க முடியல. மறந்துபோய்ப் பின்னால வீசிட்டேன்." டில்லட்டைத் திரும்பிப் பார்த்தார். "நல்லவேளை, இவர் பிடிச்சுக்கிட்டார். அடிச்சு முடிச்சதும் மாட்டியும் விட்டார்."

டில்லட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தார்.

"நானா? ஓபெட், என் முட்டிக்கு அந்த ஏணி ஆகுமா? நான் கீழ வாசல்லதான் இருந்தேன். மேல நீங்க மட்டும்தான் போனீங்க. சாவி உங்ககிட்டதானே இருந்துது? உள்ளேர்ந்து பூட்டிக்கிட்டுப் போனீங்களே!"



மாமனாருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அவர் துணியில் இருந்த நீல எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். நாற்பது கூலியாட்களை ஒரு குரலில் நிறுத்தக்கூடியவர். அந்தக் குரல் அன்று சின்னப்பிள்ளையின் குரல் மாதிரி வந்தது.

"கோட்டு கீழ விழுற சத்தம் கேக்கல… தோள்ல ரெண்டு தட்டு தட்டி மாட்டிவிட்டான்… நான்… நான் திரும்பிப் பாக்கல."

மறுபடியும் சொன்னார். "திரும்பியே பாக்கல, லவினியா."

மாமியார் எழுந்து வந்தார். அவருக்கும் மாமனாருக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன். என்னை மெதுவாக நகர்த்தினார். மாமனாரின் கையைப் பிடித்தார்.

"உக்காருங்க," என்றார். என் வழியாக இல்லை. நேராக. "உங்களுக்குத்தான் கொண்டுவந்தான். ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். கண்ணீர் ரொட்டியில் விழுந்தது. ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். டில்லட் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வண்டி வெர்மான்ட் பக்கம் போனது. மாமியார் அதில் இல்லை. பெட்டியை நான்தான் பிரித்து அடுக்கினேன்.

யாராவது விளையாடியிருப்பார்கள் என்பீர்கள். டீலியா, டில்லட், நான்கூட. சொல்லிக்கொள்ளுங்கள். அன்று நடந்ததற்குச் சாட்சி நாங்கள் இரண்டு பேர் மட்டுமில்லை. பல வருஷம் கழித்து மில் க்ரீக்கில் ஆடு வளர்க்கும் ஒரு பெண் சொன்னாள். அன்று மத்தியானம் பக்கத் தடத்தில் ஒரு எஞ்சின் நின்றதாம். வெறுமனே நின்றதாம். ஊர்ப் பக்கம் மணிச்சத்தம் இரண்டாவது தடவை கேட்டபிறகுதான் கிளம்பியதாம். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாதே என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்ததாம்.

மாமியார் அதற்குப்பின் வெறுமனே மாவு உருட்டவில்லை. ஜேரட் மறுபடி வரவில்லை. பின்கதவை நான் இன்றுவரை தாழ் போட்டதில்லை. திருடன் வந்தால் வரட்டும்.

மாமனார் இன்னும் பதினோரு வருஷம் இருந்தார். செனட்டுக்கு மறுபடி போனார், மேடை ஏறினார், பேசினார். ஒவ்வொரு தடவையும் கோட்டைக் கழற்றியதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். அப்புறம்தான் வீசுவார். அது தரையில் விழும். கூட்டத்தில் சிரிப்பார்கள். கிழவருக்கு வயதாகிவிட்டது என்பார்கள்.

கடைசி வருஷம் படுக்கையிலிருந்து எழ முடியாதபோது ஒருநாள் கோட்டு வேண்டும் என்றார். குளிர் அடிக்கிறது என்று நினைத்தேன். நிமிர்த்தி உட்காரவைத்தேன். கைகளைப் பின்னால் நீட்டினார். நான் பின்னால் நின்று மாட்டினேன். தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன், ஏனென்று தெரியாமல்.

சட்டென்று திரும்பினார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

என்னைப் பார்த்தார்.

"ஓ…" என்றார். "நீயாம்மா."